ஜியோகேச்சிங்: ஆயிரம் புள்ளிகளை இறக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லாந்து நகரம். சனிக்கிழமை காலை. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள பாட்டி என நாலு பேர் காரில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் போனில் ஆயிரம் புள்ளிகள். முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து இறக்கியவை. ஒவ்வொரு புள்ளியும் யாரோ எங்கோ மறைத்துவைத்த ஒரு பெட்டி. போனைப் பார்த்துக்கொண்டே போய் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஜியோகேச்சிங்.

மதியம் ஒரு மணிக்குக் கணக்குப் பார்த்தால், கிடைத்தது ரெண்டு. கிடைக்காதது மூணு. ஒன்று பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. இன்னொன்றுக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். பாட்டி காரிலேயே உட்கார்ந்துவிட்டார். “இங்கதான்னு காட்டுது, ஒண்ணுமே இல்லையேப்பா” என்று பையன் ஒரு மரத்தடியில் சிணுங்குகிறான். “ஆப் சரியில்லைடா” என்கிறார் அப்பா.

ஆப் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மரத்தடிப் பெட்டியைத் தேடி கடைசியாக வந்த நாலு பேரும் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாலு வரியும் அப்பாவின் போனிலேயே, அந்தப் புள்ளிக்குள்ளேயே இருக்கின்றன. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

ஜியோகேச்சிங் மென்பொருளைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் தேடுவது, எப்படி நிறையப் புள்ளிகளை இறக்குவது, எப்படி வரைபடத்தில் கலர் கலராகக் காட்டுவது, எப்படிக் கருவிக்கு அனுப்புவது என்பதைத்தான். சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் ஆரம்பிக்கிறார்கள். இது தலைகீழ் வரிசை. இந்த மென்பொருள்கள் எல்லாம் அடிப்படையில், முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதிவைத்த குறிப்புகளின் தொகுப்பு. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவருக்கு எந்த வசதியும் உதவாது. தானும் ஒழுங்காகக் குறிப்பு எழுதாதவர், அடுத்து வருபவரின் சனிக்கிழமையைக் கெடுக்கிறார்.

பீன்ஸ் டப்பாவில் தொடங்கியது

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரை பிசகும். அதிபர் பில் கிளின்டன் அந்தப் பிழையை நிறுத்த உத்தரவிட்டார். ஒரே இரவில் உலகம் முழுக்க இருந்த ஜி.பி.எஸ். கருவிகள் துல்லியமாகிவிட்டன. அடுத்த ஓரிரு நாளிலேயே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் போர்ட்லாந்துக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் பீன்ஸ் டப்பா, புத்தகம், கவண் என்று என்னென்னவோ இருந்தன. கூடவே, வந்தவர்கள் எழுதிவைக்க ஒரு நோட்டும் இருந்தது. மூன்றே நாளில் மைக் டீக் என்பவர் போய் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை இணையத்தில் எழுதினார்.

பெட்டி வைப்பது, தேடுவது, எழுதுவது. இன்றைக்கும் விளையாட்டு அவ்வளவுதான். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் தொடங்கிய ஜியோகேச்சிங் இணையதளத்தில் அப்போது இருந்தவை 75 பெட்டிகள். சியாட்டிலைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் பட்டியலில் இப்போது 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 75 இருந்தபோது யாருக்கும் மென்பொருள் தேவைப்படவில்லை. ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். 30 லட்சத்தில் எதை விடுவது என்று முடிவெடுக்கத்தான் மென்பொருள் வேண்டியிருக்கிறது. ‘எதை விடுவது’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிகிரியும் நிமிடமும்

எந்த ஆப்பையும் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு விஷயத்தைப் பழகிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். அந்த முதல் வாளி இருந்த இடம்: வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். ஜியோகேச்சிங் உலகம் இடத்தை இப்படித்தான் எழுதும். டிகிரி தனியாக, நிமிடம் தசமத்தோடு. கார் ஓட்டப் பயன்படுத்தும் கூகுள் மேப்ஸோ வெறும் டிகிரியைத் தசமமாகக் காட்டும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 17.460-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். அப்போது 45.291 டிகிரி என்று வரும்.

புதிதாக வருபவர் என்ன செய்கிறார்? வகுக்காமல் 45.17460 என்றும் 122.24800 என்றும் தட்டிவிடுகிறார். வரைபடம் மறுப்பு சொல்லாது. பவ்யமாக ஒரு இடத்தைக் காட்டும். அது உண்மையான இடத்துக்குத் தெற்கே சுமார் 13 கிலோமீட்டர், கிழக்கே இன்னொரு 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நேர்க்கோட்டில் 18 கிலோமீட்டர் தப்பு. மேற்கு என்பதற்கான கழித்தல் குறியை விட்டுவிட்டால் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவிலிருந்து வடகிழக்குச் சீனாவுக்கே போய்விடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று கூடினால் தரையில் அதிகபட்சம் சுமார் 1.85 மீட்டர் நகரும். ஆனால் போன் ஜி.பி.எஸ். நல்ல திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஓரிகனின் உயர்ந்த டக்ளஸ் ஃபர் மரக் காட்டுக்குள் அதைவிட மோசம். பெட்டியை வைத்தவர் அளந்ததிலும் அதே மாதிரி பிசகு உண்டு. இரண்டும் சேரும்போது, திரையில் ‘பூஜ்ஜியம் மீட்டர்’ என்று காட்டும் இடத்தில் பெட்டி இருந்தால் அது அதிர்ஷ்டம். அனுபவசாலிகள் 10 மீட்டர் நெருங்கியதும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, தாங்களாக இருந்தால் எங்கே ஒளித்துவைப்போம் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். புதியவர்கள் அம்புக்குறியைப் பார்த்தபடியே மரத்தைப் பத்து சுற்று சுற்றுவார்கள்.

எந்த மென்பொருள்?

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் சொந்த ஆப் இருக்கிறது. ஆரம்பிக்க அது போதும். ஆண்ட்ராய்டில் ‘சி:ஜியோ’ என்ற திறந்தமூல ஆப் உண்டு. நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத தன்னார்வலர்கள் எழுதியது. சிக்னல் இல்லாத இடத்துக்குப் பெட்டி விவரத்தையும் வரைபடத்தையும் சேமித்து எடுத்துப்போகலாம். ஐபோன்காரர்கள் பலர் ‘கேஷ்லி’யைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். புள்ளிவிவரப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ‘ப்ராஜெக்ட்-ஜி.சி.’ என்ற தளம் இருக்கிறது.

எல்லோரும் மரியாதையோடு பேசும் ஒன்று, ‘ஜியோகேச்சிங் ஸ்விஸ் ஆர்மி நைஃப்’. சுருக்கமாக ஜி.எஸ்.ஏ.கே. விண்டோஸ் கணினிக்கானது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒரு பெரிய அட்டவணையாக வைத்துக்கொண்டு, வேண்டிய மாதிரி வடிகட்டி, வரிசைப்படுத்தி, கார்மின் போன்ற கைக்கருவிகளுக்கு அனுப்பலாம். மேக்ரோ எழுதத் தெரிந்தால் அது செய்யாத வேலையே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல் மாதத்திலேயே இதைத் திறந்து மேக்ரோவில் இறங்குவது, சமையல் பழக வந்தவர் கல்யாணச் சமையல் அண்டாவைத் தூக்கிய கதை. முதல் ஐந்தாறு தடவை வெளியே போய்வரும்வரை அது கணினியிலேயே தூங்கட்டும்.

ஆயிரம் என்னும் மயக்கம்

இப்போது அந்த அப்பா வெள்ளி இரவு என்ன செய்தார் என்று பார்க்கலாம். பணம் கட்டிய உறுப்பினர்களுக்கு இணையதளத்தில் ‘பாக்கெட் கொயரி’ என்ற வசதி உண்டு. ஊரையும் சுற்றளவையும் நிபந்தனைகளையும் குறித்துக் கொடுத்தால், பொருந்தும் பெட்டிகளை ஒரே கோப்பாகத் தரும். ஒரு கோப்பில் அதிகபட்சம் 1,000 பெட்டிகள். ஒரு நாளைக்கு 10 கோப்புகள் வரை வாங்கலாம். அப்பா போர்ட்லாந்தைக் குறித்தார், வேறு எந்தக் கட்டத்தையும் தொடவில்லை, ஆயிரத்தையும் வாங்கினார். ‘நிறைய இருந்தால் எதாவது கிடைக்கும்’ என்ற கணக்கு.

அந்த நிபந்தனைப் பக்கம்தான் பாக்கெட் கொயரியின் உயிர். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 1 முதல் 5. போய்ச் சேர எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 1 முதல் 5. பாதைக்கு 1 என்றால் சக்கர நாற்காலியிலேயே போகலாம் என்று அர்த்தம். 5 என்றால் படகோ கயிறோ ஏதாவது ஒன்று வேண்டும். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவர் இந்த எண்ணைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அடுத்தது அளவு. விரல்நுனி அளவு டப்பாவுக்குள் சுருட்டிய காகிதத்தைத் தவிர வேறெதுவும் இருக்காது. எட்டு வயதுப் பையனுக்கு, பொம்மை மாற்றிக்கொள்ளும் அளவுக்காவது பெட்டி பெரிதாக இருக்க வேண்டும், இல்லையா?

பிறகு வகை. ‘மிஸ்டரி’ என்று கேள்விக்குறி போட்ட புள்ளிகளுக்கு நேரே போனால் அங்கே ஒன்றும் இருக்காது. அது போலி இடம். புதிரை விடுவித்தால்தான் நிஜ இடம் தெரியும். விடுவித்த விடையைத் தளத்தில் திருத்திப் பதிந்தால் புள்ளி தானாக நகர்ந்து உட்காரும். இதைத் தெரியாமல் கேள்விக்குறியில் போய் ஒரு மணி நேரம் தோண்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அந்தப் பக்கத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு கட்டம், ‘கடந்த 7 நாட்களில் கண்டுபிடிக்கப்பட்டவை’ என்பது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கட்டம் கிடையாது. போன வாரம் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்த பெட்டி இந்த வாரமும் இருக்கும் என்று நம்ப நியாயம் இருக்கிறது. மழைக்காலத்திலும் ஒதுக்குப்புறங்களிலும் இந்தக் கட்டத்தைப் போட்டால் பட்டியல் ரொம்பவே சுருங்கும் என்பதும் உண்மை. சுருங்கட்டும். ஒரு குடும்பம் ஒரு நாளில் நிம்மதியாகப் பார்க்கக்கூடியது எட்டோ பத்தோதான். மீதி 990 புள்ளிகள் வெறும் பாரம்.

பேய்ப் பெட்டிகள்

ஜி.எஸ்.ஏ.கே.-யில் ஒரு பொறி இருக்கிறது. கணினி தெரிந்தவர்களே அதில் மாட்டிக்கொள்கிறார்கள். வாராவாரம் பாக்கெட் கொயரி வாங்கி அதில் ஏற்றிக்கொண்டே இருந்தால் பட்டியல் புதுசாக இருக்கும் என்று நினைப்பார்கள். ஆனால் பாக்கெட் கொயரி, உயிரோடு இருக்கும் பெட்டிகளை மட்டுமே தரும். ஒரு பெட்டி தொலைந்து, உரிமையாளர் அதை நிரந்தரமாக மூடிவிட்டால், அடுத்த கோப்பில் அது வராது. ‘மூடிவிட்டார்கள்’ என்ற தகவலும் வராது. ஏற்கெனவே கணினியில் இருக்கும் பழைய பதிவு அப்படியே, உயிரோடு இருப்பதுபோல உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினால் பட்டியலில் பேய்களின் எண்ணிக்கை ஏறிவிடும். வரைபடத்தில் பேயும் பெட்டியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

தப்பிக்கும் வழி ரொம்ப சிம்பிள். கடைசியாக எந்தத் தேதியில் இந்தப் பதிவு புதுப்பிக்கப்பட்டது என்று காட்டும் ஒரு பத்தி அதிலேயே உண்டு. புது கோப்பை ஏற்றியபின் அந்தத் தேதியை வைத்து வரிசைப்படுத்தினால், புதுப்பிக்கப்படாதவை அடியில் தனியாகத் தேங்கும். அவற்றின் நிலையை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தூக்கிப்போடலாம். அண்டாவைத் தூக்குவதற்கு முன்னால் இந்த ஒன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி நாலு வரி

மென்பொருளில் உண்மையான விஷயம் பதிவுகளில்தான் இருக்கிறது. பாக்கெட் கொயரி கோப்பில் ஒவ்வொரு பெட்டியோடும் கடைசி ஐந்து பதிவுகள் வரை வரும். ஜி.எஸ்.ஏ.கே. கடைசி நாலு பதிவுகளை அட்டவணையிலேயே சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களாகக் காட்டிவிடும். கிடைத்தது என்றால் பச்சை, கிடைக்கவில்லை என்றால் சிவப்பு. நாலும் பச்சை என்றால் தைரியமாகப் போகலாம். நாலும் சிவப்பு என்றால் வேறு வேலையைப் பார்க்கலாம். அந்தச் சனிக்கிழமை அப்பா பார்க்கத் தவறியது இதைத்தான்.

ஆனால் நிறத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். தேடக் கஷ்டமான பெட்டி என்று மதிப்பெண் 4 போட்டிருந்தால், இரண்டு சிவப்பு சகஜம்; பெட்டி பத்திரமாகவே இருக்கலாம். மதிப்பெண் 1 போட்ட பெட்டிக்கு இரண்டு சிவப்பு என்றால் அது போயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ‘சேறு, பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள்’, ‘கேட் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்’, ‘இடத்தை வலதுபக்கம் ஆறு மீட்டர் தள்ளிப் பாருங்கள்’ என்கிற மாதிரி தகவல்கள் வேறெங்கும் கிடைக்காது. பதிவுகளுக்குள் மட்டும்தான் இருக்கும். பூட்டிய கேட்டும் அப்படித்தான். அப்பாவுக்கு முன்னால் வந்த யாராவது ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இன்னொரு நல்ல அளவுகோல் விருப்பப் புள்ளி. பணம் கட்டிய உறுப்பினர் பத்துப் பெட்டி கண்டுபிடித்தால் ஒரு புள்ளி சேரும். தனக்கு ரொம்பப் பிடித்த பெட்டிக்கு அதைக் கொடுக்கலாம். கஞ்சத்தனமாகக் கொடுக்கப்படுவதால் அதற்கு மதிப்பு அதிகம். முதல் தடவை போகிறவர்கள் விருப்பப் புள்ளி அதிகமுள்ளவற்றில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பையன் அடுத்த சனிக்கிழமையும் வருவான்.

குறிப்புதவி என்று ஒன்றும் பல பெட்டிகளுக்கு இருக்கும். தெரியாமல் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி மாற்றி எழுதிவைப்பார்கள். ஆப்பில் தட்டினால் நேராகும். ரோமன் எழுத்துக்கு மட்டுமே இந்த வித்தை பலிக்கும். தமிழில் குறிப்பு எழுதினால் ஊரறிய வெளிச்சமாகத்தான் இருக்கும்.

இன்று என்ன நிலைமை?

பதிவுகள் நேற்றுவரை நடந்ததைச் சொல்லும். இன்றைக்கு என்ன என்பதை அவை சொல்லாது. போர்ட்லாந்துக்குக் கிழக்கே கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அருவியும் காட்டுப் பாதையுமாக, இந்த விளையாட்டுக்கென்றே செய்துவைத்ததுபோன்ற இடம். 2017 செப்டம்பரில் ஒரு சிறுவன் வீசிய பட்டாசால் அங்கே பிடித்த தீ, சுமார் 50,000 ஏக்கரை எரித்தது. சில பாதைகள் மறுபடி திறக்க ஆண்டுக்கணக்கில் ஆயின. முந்தைய வாரம் பட்டியலை இறக்கி வைத்திருந்தவரின் போனில் அந்தக் காடு அப்போதும் பச்சையாகவே இருந்திருக்கும். பாதை திறந்திருக்கிறதா என்பதை வனத்துறையின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் பார்த்துப் பயனில்லை.

இன்னும் கொடுமையானது 2018 ஜூனில் செக் நாட்டுத் தலைநகர் பிராகில் நடந்தது. நிலத்தடியில் ஓடும் மோட்டோல் ஓடையின் சுரங்கத்துக்குள் பெட்டி தேடி இறங்கிய ஒரு குழு திடீர் மழை வெள்ளத்தில் சிக்கியது. உயிர்கள் போயின. சுரங்கத்துக்குள் சிக்னல் கிடையாது. வெளியே மழை பிடித்துக்கொண்டதை எந்த ஆப்பும் உள்ளே வந்து சொல்லாது.

தூரத்திலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஆப் காட்டும் 400 மீட்டர் என்பது காக்கை பறக்கும் தூரம். நடுவில் ஆறோ பாறைச் சரிவோ இருந்தால் நடக்க வேண்டியது மூன்று கிலோமீட்டராகவும் இருக்கலாம். பெட்டி வைத்தவர்கள் பலர் கார் நிறுத்துமிடத்தையும் பாதை தொடங்கும் இடத்தையும் தனிப் புள்ளிகளாகக் கொடுத்திருப்பார்கள். பாக்கெட் கொயரியோடு வரும் இரண்டாவது கோப்பில் அவை இருக்கும். அதை ஏற்றாமல் விட்டுவிட்டு, வரைபடத்தில் கிட்டே தெரிகிறதே என்று புதருக்குள் குறுக்கே புகுந்து போகிறவர்களால்தான் செடிகளும் மண்ணும் மிதிபடுகின்றன. நிலத்தின் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வருகிறது.

‘கிடைக்கவில்லை’ என்று எழுத ஏன் வெட்கம்?

இவ்வளவும் நம்பியிருப்பது, முன்னால் போனவர் உண்மையை எழுதினார் என்ற ஒன்றைத்தான். நடைமுறையில் நடப்பது வேறு. கண்டுபிடித்தால் உடனே பதிவு. கிடைக்காவிட்டால் மௌனம். தேடத் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். அதன் விளைவு, பெட்டி தொலைந்து மாசம் மூன்றாகியும் பதிவில் கடைசி வரி பச்சையாகவே நிற்கும். அடுத்தவர் வருவார், தேடுவார், அவரும் வாய் திறக்காமல் போவார். கிடைத்தவர்களிலும் பலர் ‘பெட்டிக்கு நன்றி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை நாலு எழுத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. தகவல்தான் பூஜ்ஜியம்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருக்கிறது. தேடிக் கிடைக்காதபோது, கையோடு கொண்டுவந்த ஒரு டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு, அதிலேயே கையெழுத்தும் போட்டு, ‘கிடைத்தது’ என்று எழுதிவிடுவது. உபகாரம் மாதிரித்தான் தோன்றும். உண்மையான பெட்டி இரண்டடி தள்ளி பத்திரமாக இருந்தால்? அடுத்தவருக்கு எது அசல் என்றே தெரியாது. தொலைந்தே போயிருந்தாலும், உரிமையாளருக்குத் தெரியவேண்டிய தகவல் அங்கேயே புதைந்துபோகும்.

எண்ணிக்கை மோகம் உச்சத்துக்குப் போன இடத்தையும் சொல்ல வேண்டும். நெவாடா பாலைவனத்தில் 375-ம் எண் சாலை, ‘வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை’ என்று பெயர் வாங்கியது. பெட்டிக்கும் பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த விதியை மீறாமல், சாலையோரமாகவே வரிசையாக 1,500-க்கும் மேற்பட்ட பெட்டிகளை அங்கே வைத்தார்கள். காரை நிறுத்து, இறங்கு, எடு, கையெழுத்து, ஏறு. சிலர் முதல் டப்பாவைக் காரிலேயே எடுத்துக்கொண்டு, ஓடும்போதே கையெழுத்துப் போட்டு, அடுத்த இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு இதை வைத்துவிடுவார்கள். நேரம் மிச்சமாம். நெடுஞ்சாலையில் இப்படி நின்று நின்று போவது ஆபத்து என்று போக்குவரத்துத் துறை தலையிட, 2011-ல் அந்த வரிசை எடுக்கப்பட்டு, பிறகு வேறு வடிவில் திரும்பிவந்தது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் சேர்ப்பதை ஒரு சாதனையாக ரசிப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் விளையாட்டு அவர்களுக்கு. ஆனால் அந்த வேகத்தில் எழுதும் பதிவு, எல்லாப் பெட்டிக்கும் ஒரே வரியை ஒட்டியதாகத்தான் இருக்க முடியும்.

“வாரக்கடைசியில ஜாலியா சுத்தப்போற விஷயத்துக்கு எதுக்குங்க இவ்வளவு ஒழுங்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. அலுவலகத்தில் எக்செல் பார்த்துக் களைத்தவர் காட்டுக்குப் போவதற்கு முன்னும் அட்டவணை பார்க்க வேண்டுமா? அப்படிப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஊருக்குள் பூங்காவில் ஒரு பெட்டியைத் தேட ஆப்பைத் திறந்தால் போதும். ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு, வெள்ளி இரவு அரை மணி நேரம் பத்துப் பெட்டிகளின் பதிவுகளைப் படிப்பது ஒரு சுமையா? சொல்லப்போனால் அந்தப் பதிவுகளில் பல, சுவாரசியமான சின்னக் கதைகள். குடும்பமே உட்கார்ந்து படிக்கலாம். பையனையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

இந்த விளையாட்டில் பெட்டி வைப்பவருக்கும் சம்பளம் கிடையாது. புதுப் பெட்டிகளைச் சரிபார்த்து அனுமதிப்பவர்களும் தன்னார்வலர்கள்தான். மழையில் நனைந்த நோட்டை மாற்றுவதும், உடைந்த மூடியை மாற்றுவதும், எங்கோ ஒருவர் ‘கவனிக்கவும்’ என்று பதிந்தால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து போவதும் பெட்டி வைத்தவர்கள்தான். நிறுவனத்தின் கணினியும், வரும் பதிவுகளை வைத்து, இந்தப் பெட்டி நலமாக இல்லையோ என்று கணித்து உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. ‘கிடைக்கவில்லை’ என்று யாரும் எழுதாவிட்டால் அந்தக் கணக்குக்கும் ஆதாரம் இல்லை.

ஆக, அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பிய அப்பா செய்யவேண்டிய வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மரத்தடிப் பெட்டிக்கு ஐந்தாவதாக ஒரு ‘கிடைக்கவில்லை’. இருபது நிமிடம் எங்கெங்கே தேடினார்கள் என்ற விவரத்தோடு. பூட்டிய கேட்டுக்கு ஒரு வரி, எத்தனை மணிக்குப் பூட்டியிருந்தது என்று. ஏற முடியாத சரிவுக்கு, பாட்டி காரில் உட்கார்ந்த கதை. கிடைத்த இரண்டில் ஒன்றுக்குள் நோட்டு ஈரமாக இருந்தது, அதையும். மரத்தடிப் பெட்டியின் உரிமையாளர் போய்ப் பார்த்து புதுப் பெட்டி வைக்கலாம், அல்லது நிரந்தரமாக மூடிவிடலாம். மூடினால் அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ வாங்கும் பாக்கெட் கொயரியில் அது வராது. பழைய பட்டியலைச் சுத்தம் செய்யாதவர்களின் கணினியில் மட்டும் இன்னும் சில காலம், உயிரோடு இருப்பதுபோல உட்கார்ந்திருக்கும்.